இரண்டாவது நாய் வந்த பிறகு

ஒரே வீட்டில் இரண்டு, மூன்று நாய்கள் வளர்ப்பது இன்று சகஜமாகிவிட்டது. அவற்றுக்குள் நடப்பது விளையாட்டா, சண்டையா என்று நமக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறதா?

மடிப்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடி. மாலை ஐந்தரை மணி. வெயில் தணிந்து, தரை ஆறத் தொடங்கும் நேரம். கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே மூன்று நாய்கள். பிரவுனி ஆறு வயது லேப்ரடார். முப்பது கிலோவுக்குக் குறையாது. கருப்பி தெருவிலிருந்து வந்த மூன்று வயதுப் பெண் நாய். மூன்றாவது, மழைக்காலத்தில் காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தபோது தூக்கி வந்த குட்டி, சோட்டு. இப்போது ஐந்து மாதம்.

சோட்டு பாய்ந்து பிரவுனியின் காதைக் கவ்வுகிறது. பிரவுனி ஒரு தள்ளு தள்ளினால் குட்டி சுவரோரம் போய் விழும். ஆனால் அது தானாகவே தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து, வயிற்றைக் காட்டி, வாயை அகலத் திறந்து காற்றைக் கடிக்கிறது. குட்டிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. காதை விட்டுக் கன்னத்தைப் பிடிக்கிறது. பல் சற்று ஆழமாக இறங்கியிருக்க வேண்டும். பிரவுனி சுருக்கென்று ஒரு சத்தம் போட்டு எழுகிறது. இரண்டும் அப்படியே நிற்கின்றன. பிறகு சோட்டு பின்வாங்கி, முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கி வாலை ஆட்டுகிறது. பிரவுனி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொள்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்குகிறது.

சற்று நேரத்தில் யாரோ ஒரு பந்தை உருட்டிவிடுகிறார்கள். கருப்பி அதைக் கவ்விக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மூலைக்குப் போய்ப் படுக்கிறது. சோட்டு ஆசையாக நெருங்குகிறது. கருப்பி குரைக்கவில்லை, உறுமவில்லை. உடம்பு மட்டும் விறைக்கிறது. தலை பந்துக்கு மேல் தாழ்கிறது. மூச்சை அடக்கியது போல் வாய் மூடிக்கொள்கிறது. கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது. சோட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தரையை மோந்தபடி, வளைந்து விலகிப் போகிறது.

முதல் காட்சிக்குத்தான் வீட்டிலிருந்த பாட்டி பதறினார், "அடிச்சுக்கப் போகுதுங்க, பிரிச்சு விடுங்க" என்று. இரண்டாவது காட்சியை யாருமே கவனிக்கவில்லை. அந்த மாடியில் ஆபத்துக்கு மிக அருகில் வந்தது அந்த இரண்டாவது காட்சிதான்.

கொரோனா ஊரடங்கில் பல வீடுகளுக்கு முதல் நாய் வந்தது. "பாவம், தனியா இருக்கு, ஒரு துணை இருந்தா நல்லாயிருக்கும்" என்ற எண்ணத்தில் இரண்டாவது வந்தது. 2025 ஆகஸ்டில் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகள் நாடு முழுவதும் வாக்குவாதத்தைக் கிளப்பின. வாசலில் சோறு போட்டு வளர்த்த குட்டியை இனி வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி, உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் ரூ.5,000 அபராதம் என்று அறிவித்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, உரிமம் பற்றியெல்லாம் நிறையப் பேசுகிறோம். கதவைச் சாத்திய பிறகு வீட்டுக்குள் அந்த நாய்கள் ஒன்றோடொன்று எப்படி வாழ்கின்றன என்பதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆட்டத்துக்கும் விதி உண்டு

நாய் விளையாட்டில் இருப்பதெல்லாம் சண்டையின் அசைவுகள். துரத்துவது, மோதுவது, மேலே ஏறுவது, கழுத்தைக் கவ்வுவது, கவ்வியதை உதறுவது. அசைவு ஒன்றாக இருக்கும்போது, "இது விளையாட்டு" என்று எதிரே நிற்கும் நாய்க்கு எப்படித் தெரிகிறது?

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெகாஃப் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் செலவிட்டார். நாய், ஓநாய், கயோட்டி மூன்றின் விளையாட்டையும் படம் பிடித்து, சட்டம் சட்டமாக ஓட்டிப் பார்த்தார். சோட்டு செய்ததைப் போல முன்னுடலைத் தாழ்த்தும் அந்த வணக்கம் எப்போது வருகிறது என்று எண்ணினார். ஆட்டம் தொடங்கும்போது வருவது எல்லாருக்கும் தெரியும். நடு ஆட்டத்திலும் அது வருகிறது என்பதையும், தப்பாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய கடிக்குச் சற்று முன்போ பின்போதான் அதிகம் வருகிறது என்பதையும் 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கவ்வித் தலையை உதறும் கடி அப்படிப்பட்டது. இரையைக் கொல்லும்போதும் நாய்க் குடும்பம் அதைத்தான் செய்யும். அதனால், "இப்போ செஞ்சதும் இனி செய்யப்போறதும் விளையாட்டுதான்" என்று உறுதி சொல்லிவிட்டுத்தான் தொடர வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இன்னும் நுணுக்கமான ஒன்றைக் கண்டார். பூங்காவில் விளையாடும் நாய்களின் வீடியோவை மிக மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, எதிர் நாய் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இந்த வணக்கத்தை வைக்கின்றன என்று தெரிந்தது. எதிர் நாய் வேறு பக்கம் திரும்பியிருந்தால் முதலில் ஒரு குரைப்பு, ஒரு இடி, ஒரு செல்லக் கடி. அது திரும்பிய பிறகே வணக்கம். 2009இல் வந்த இந்த ஆய்வு, எதிராளியின் கவனம் எங்கே இருக்கிறது என்பதை நாய் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று காட்டியது.

பிரவுனி ஏன் தானாக விழுந்தது? பலமுள்ளது தன் பலத்தைக் குறைத்துக்கொண்டால்தான் ஆட்டம் நீளும். கேரம் ஆடும்போது தங்கைக்காக வேண்டுமென்றே சிவப்பைத் தவறவிடும் அண்ணனைப் போலத்தான் இது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பரா ஸ்மட்ஸும் அவருடைய மாணவிகளும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளைக் கவனித்து 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆண் குட்டிகள் பெண் குட்டிகளோடு ஆடும்போது அடிக்கடித் தாமே பணிந்து போயின. ஆனால் விட்டுக்கொடுப்பது எப்போதும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. "எப்பவும் அதுவே மேல ஏறுது, அப்ப இது கொடுமைதானே" என்று கவலைப்படுபவர்கள் உண்டு. வளர்ந்த நாய்களில், ஒன்றே பெரும்பாலும் மேலே நிற்கும் ஜோடிகளும் சந்தோஷமாக ஆடுகின்றன என்று எரிகா பாவரும் ஸ்மட்ஸும் 2007லேயே எழுதிவிட்டார்கள். கீழே கிடக்கும் நாய் எழுந்ததும் ஓடி ஒளிகிறதா, மறுபடி வந்து சீண்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தாலியில் எலிசபெட்டா பலாகியின் குழு, பலெர்மோ நகரப் பூங்கா ஒன்றில் நாய்களைப் படமெடுத்தது. ஒன்று வாயைத் திறந்து விளையாட்டு முகம் காட்டினால் மற்றது ஒரே நொடிக்குள் அதே முகத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அப்படி நடந்த ஆட்டங்கள் நீண்ட நேரம் நீடிக்கின்றன. நெடுநாள் பழகிய நாய்களிடம் இது இன்னும் அதிகம். ஒரே வீட்டில் வளரும் நாய்களை மாலையில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் போதும், வெறும் கண்ணாலேயே இதைக் காணலாம்.

──────────
விளையாட்டா, சண்டையா?

விளையாட்டில் உடம்பு தளர்ந்து வளையும். ஓட்டம் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து போகும். வாய் திறந்திருக்கும், கடி தோலைப் பிடித்து உடனே விட்டுவிடும். நடுநடுவே தும்மல், உடம்பை உலுக்குதல், தண்ணீர் குடிக்கப் போதல் என்று இடைவெளிகள் வரும். துரத்தியது ஓடும், ஓடியது துரத்தும். உறுமல் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இத்தனையும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

உடம்பு விறைத்தால், வாய் மூடிக்கொண்டால், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நின்றால், முதுகு மயிர் சிலிர்த்து இடைவெளியே இல்லாமல் வேகம் ஏறினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். ஒன்று வாலைக் காலுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியிலோ உங்கள் காலுக்குப் பின்னாலோ வந்து ஒளிந்தாலும் நிறுத்துங்கள்.

வாலை மட்டும் நம்பாதீர்கள். வால் ஆடினால் சிநேகம் என்று அர்த்தமில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் கண்டது: வளர்ப்பவரைக் கண்டால் வால் வலப்பக்கம் சற்று அதிகம் சாயும், மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. மேலே ஏறி ஆடும் நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அடியில் இருந்த நாய் அதுவாகவே திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் அது ஆட்டம். ஓடிப் போனால், ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.
──────────

‘தலைவன்’ எங்கிருந்து வந்தான்?

நாய் வளர்ப்பவர் யாரிடம் யோசனை கேட்டாலும் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "கூட்டத்துல ஒண்ணு தலைவனா இருக்கும். சண்டை போட்டு அதுங்களே முடிவு பண்ணிக்கட்டும். நீங்க அதுக்கும் மேல தலைவனா இருக்கணும்." நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடிக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த எண்ணத்தின் வேர், சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் இருக்கிறது. அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதினார்: ஆணிலும் பெண்ணிலும் ஒவ்வொன்று போராடி மேலே வருகிறது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய நூல் அதை உலகமெங்கும் கொண்டுசேர்த்தது. பிற்பாடு மீச்சே கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தார். அங்கே அவர் கண்டது ஒரு குடும்பம்: தாய், தகப்பன், அவர்களுடைய பிள்ளைகள். முன்னே நின்று நடத்தியவை பெற்றோர்தான்; போட்டியில் யாரையும் வீழ்த்தி அந்த இடத்துக்கு வந்தவை அல்ல. 1999இல் அதை விளக்கி எழுதினார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் அவரே கேட்டுக்கொண்டார். அறிவியலில் இப்படி ஒருவர் தம் கருத்தைத் தாமே திரும்பப் பெறுவது பெரிய காரியம். அந்தச் செய்தி மட்டும் நம் ஊர்ப் பயிற்சி மைதானங்களுக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வீட்டு நாய்களிடையே மேல்-கீழ் என்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்டு. ஆனால் அது பொருளுக்குப் பொருள் மாறும். எலும்பு விஷயத்தில் கருப்பி விட்டுத்தராது. சோபா மூலை பிரவுனிக்கு. ரோம் நகர ஓரத்தில் கூட்டமாக வாழும் நாய்களைத் தொடர்ந்து கவனித்த ரொபெர்ட்டோ பொனானி குழுவினர், கூட்டம் நகரும்போது பெரும்பாலும் வயதில் மூத்த, மற்ற நாய்கள் தாமாகப் பணிந்து வந்து வாழ்த்தும் நாய்களின் பின்னால்தான் போகிறது என்று கண்டார்கள்.

"அதுங்களே முடிவு பண்ணிக்கட்டும்" என்று விடுவதால் வரும் விளைவு கண்கூடு. தோற்ற நாய் அந்த அறைக்குள் வரவே பயப்படும். ஜெயித்த நாய், கடித்தால் வேலை நடக்கிறது என்று கற்றுக்கொள்ளும். இரண்டுமே வீட்டுக்கு நல்லதல்ல.

சண்டை தொடங்கும் இடங்கள்

ஒரே வீட்டு நாய்கள் ஒன்றையொன்று கடித்ததால் மருத்துவரிடம் கொண்டுவரப்பட்ட 38 ஜோடிகளைப் பற்றி அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 79 சதவீதம் ஒரே பாலின ஜோடிகள். ஒரு பெண் நாயாவது இருந்த ஜோடிகள் 68 சதவீதம். பெரும்பாலும் தொடங்கியது புதிதாக வந்த நாய், அல்லது வயதில் இளையது. தூண்டியவை என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டவை எந்த வீட்டுக்கும் பொருந்தும்: வளர்ப்பவரின் கவனம், திடீர் பரபரப்பு, தீனி, பொம்மை. சண்டை முற்றி மருத்துவமனைக்கு வந்த நாய்கள் இவை. எல்லா வீட்டுக்கும் இதே சதவீதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும், "பெண் நாய்னா சாது, ரெண்டு பொட்டை இருந்தா பிரச்சினை வராது" என்று நம்பி இரண்டாவது பெண் நாயைக் கொண்டுவருபவர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நம் வீடுகளில் முதல் இடம் வாசல் கேட்டுக்கு. கொரியர்காரர் வண்டியை நிறுத்துகிறார். இரண்டு நாய்களும் கம்பிக் கதவுக்குப் பாய்கின்றன. எகிறிக் குரைக்கின்றன, அவரை எட்ட முடியவில்லை. அந்த வெறி எங்காவது இறங்க வேண்டும். தோளோடு தோள் உரசி நிற்கும் கூட்டாளியின் கழுத்தில் இறங்குகிறது. காலையில் ஒரே பாயில் உருண்டு படுத்திருந்த நாய்கள் இவை என்று பார்ப்பவர்கள் திகைப்பார்கள். தீபாவளி வெடிச் சத்தத்திலும் இதுவே நடக்கும். அப்போது பயம் கடியாக மாறும். கேட்டின் கீழ்ப் பாதிக்கு ஒரு தகரமோ பலகையோ அடித்து வெளிப் பார்வையை மறைப்பது, மணி அடித்ததும் நாய்களை உள்ளே அழைத்து ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்துப் பழக்குவது, தீபாவளி இரவில் தனித்தனி அறை. இவ்வளவு செய்தாலே பாதிச் சண்டை வராது.

அடுத்தது தட்டு. வாரம் முழுக்க முட்டை சாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னும் நாய்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் கறி எலும்பு விழுந்ததும் அடித்துக்கொள்கின்றன. "இத்தனை நாள் ஒண்ணாத்தானே சாப்பிட்டுச்சு?" என்பார்கள். இதற்கான பதில் கொல்கத்தாவின் தெருக்களில் கிடைத்திருக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு பல ஆண்டுகளாகத் தெருநாய்களை ஆராய்ந்துவருகிறது. தாய் நாய்க்கும் வளரும் குட்டிகளுக்கும் பிஸ்கட் போட்டுப் பார்த்தார்கள். இறைச்சி போட்டுப் பார்த்தார்கள். பிஸ்கட்டை விட்டுக்கொடுத்த தாயே இறைச்சிக்குக் குட்டியோடு மல்லுக்கு நின்றது. பெற்ற பிள்ளைக்கே இறைச்சியை விட்டுத்தராத உயிரிடம், நேற்று வந்த நாய்க்கு விட்டுத்தரச் சொல்கிறோம். அதே குழு கண்ட இன்னொன்று: தெருநாய்கள் சேர்ந்து எல்லை காத்தாலும், பெரும்பாலும் தனித்தனியாகத்தான் தீனி தேடுகின்றன. ஆகவே தனி அறை, தனித் தட்டு, சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுவது. இதில் நாய்க்கு எந்த மனக்குறையும் இல்லை. (வெந்த எலும்பு பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும், அதைக் கொடுக்காமல் இருப்பதே உத்தமம்.)

பாகுபாடு நாய்க்குத் தெரியுமா என்று பலரும் கேட்கிறார்கள். தெரியும். வியன்னாவில் ஃப்ரீடரிக்கே ராங்கே 2009இல் செய்த சோதனையில் இரண்டு நாய்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கை கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு மட்டும் தின்பண்டம், மற்றதற்கு ஒன்றுமில்லை. கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்தில் கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியாக இருக்கும்போது ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அதைவிட அதிக நேரம் கொடுத்தது. இன்னொரு விவரமும் உண்டு: ஒன்றுக்கு சாசேஜும் மற்றதற்கு ரொட்டியும் கொடுத்தபோது அவை கோபித்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒன்று தனக்கும் கிடைத்தால் போதும்.

மூன்றாவது, நாம். வேலை முடிந்து வீடு திரும்பும் அந்த இரண்டு நிமிடம். செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டும் காலடியில் முண்டியடிக்கும்; ஒன்று மற்றதைத் தோளால் இடிக்கும்; குனிந்து தடவும் கைக்காக உறுமல் தொடங்கும். அந்த நேரத்தில் கொஞ்சல் வேண்டாம். பையை வைத்துவிட்டு, நான்கு காலும் தரையில் நின்ற பிறகு, ஒவ்வொன்றையும் தனியாகக் கூப்பிட்டுத் தடவுங்கள். மேலே சொன்ன 38 ஜோடி ஆய்விலும் இதே போன்ற பழக்கம்தான் சிகிச்சையாகத் தரப்பட்டது. எது வேண்டுமானாலும் முதலில் அமைதியாக உட்கார வேண்டும், பிறகுதான் சோறு, பந்து, வாசல், தடவல். பெரும்பாலான ஜோடிகளில் சண்டை குறைந்தது.

வயதையும் சொல்ல வேண்டும். ஒன்றரை வயது வரை ஒற்றுமையாக இருந்துவிட்டு, இரண்டு மூன்று வயதில் திடீரென்று முறைத்துக்கொள்ளும் நாய்கள் நிறைய. உடல் வளர்ச்சி முடிந்த பிறகு மனம் முதிரும் காலம் அது. குட்டிப் பருவத்தில் பொறுத்துப் போன ஒன்று இப்போது பொறுக்காது. கருத்தடை செய்யாத ஆண்கள் இருக்கும் வீட்டில் பெண் நாய் பருவத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கருத்தடை அந்தப் போட்டியைக் குறைக்கும். தட்டுச் சண்டையையும் கேட்டுச் சண்டையையும் அது தீர்க்காது.

நேற்று வரை குட்டியைத் தாங்கிய மூத்த நாய் இன்று கிட்டே வந்தாலே சீறுகிறது என்றால், முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம். இடுப்பு மூட்டு வலி, காது ரணம், பல் சொத்தை, உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். வலியில் இருக்கும் நாய் பொறுமையிழக்கும். அதற்குத் தேவை மருந்து. பயிற்சி அல்ல, தண்டனை நிச்சயமாக அல்ல.

இன்னொரு எச்சரிக்கை, நம் மண்ணின் இனங்களை வளர்ப்பவர்களுக்கு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பழக்கப்பட்ட பரம்பரை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. அவற்றோடு ஒரு பொமரேனியனையோ ஷிட்சுவையோ ஒரே முற்றத்தில் விட்டால், சின்னது பயந்து கீச்சிட்டு ஓடும் நொடியில் விளையாட்டு வேட்டையாகிவிடலாம். பெரிய நாயின் மேல் குற்றமில்லை; பக்கத்தில் ஆள் இல்லாமல் விட்டதுதான் குற்றம்.

──────────
சண்டை மூண்டுவிட்டால்

கழுத்தருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். வளர்ப்பவர்களுக்குப் படும் கடி பெரும்பாலும் இப்படித்தான் படுகிறது; நாய் அப்போது யாருடைய கை என்று பார்க்காது. கத்தினால் வெறி ஏறும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றலாம். கனத்த போர்வையைப் போடலாம். பலகை, நாற்காலி, மெத்தை எதையாவது நடுவில் நுழைத்துப் பிரிக்கலாம். பிரித்ததும் வேறு வேறு அறையில் அடையுங்கள். அன்றே சமாதானம் செய்துவைக்க முயல வேண்டாம்.

உங்களுக்குக் கடிபட்டால், சொந்த நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்குக் காயம் வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே தசை கிழிந்து சீழ் கட்டலாம். அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
──────────

உறுமலுக்கு அடிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். நாய் ஒரேயடியாகக் கடிப்பதில்லை. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், விறைக்கும், உதட்டைத் தூக்கும், உறுமும். இத்தனை படிகளுக்குப் பிறகுதான் கடி. உறுமல் என்பது "இதற்கு மேல் வராதே" என்ற எச்சரிக்கை. அதைக் கேட்டு மற்ற நாய் விலகிப் போனால் அங்கே ஒரு சண்டை நடக்காமல் போயிற்று.

நாம் என்ன செய்கிறோம்? உறுமிய நாயை அதட்டுகிறோம். முதுகில் ஒன்று வைக்கிறோம். "தம்பிப் பாப்பாகிட்ட உறுமுவியா?" என்று சங்கிலியில் கட்டுகிறோம். நாலைந்து முறை இப்படி நடந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். அதன் பயமும் எரிச்சலும் அப்படியே இருக்கும். எச்சரிக்கை மட்டும் போய்விடும். அதன் பிறகு "ஒரு சத்தமும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு" என்ற புகார் வரும். அமைதியான வீட்டில் ஒரு நாள் இரத்தம் தெறிப்பதற்கு இதுவே பல நேரங்களில் காரணம். உறுமினால் இரண்டையும் மென்மையாகப் பிரியுங்கள். எதற்காக உறுமியது என்று பாருங்கள். அந்தப் பொருளையோ இடத்தையோ நாளையிலிருந்து ஒழுங்குபடுத்துங்கள்.

புதியது வீட்டுக்குள் வரும் நாள்

பெரும்பாலான குடும்பங்கள் செய்வது இது: கூடையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஹாலுக்கு வந்து, பழைய நாயின் மூக்கருகே நீட்டி, "பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்!" பழைய நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால், அதன் படுக்கை, தட்டு, மனிதர்கள் இருக்கும் இடத்துக்குள் முன்பின் தெரியாத ஒன்று நுழைந்துவிட்டது, தப்பிக்க வழியும் இல்லை.

வளர்ந்த நாய் என்றால் முதல் சந்திப்பு இரண்டுக்குமே சொந்தமில்லாத தெருவில் நடக்கட்டும். ஆளுக்கொரு நாயாக லீஷில் பிடித்து, தூரம் விட்டு, ஒரே திசையில் நடங்கள். லீஷை இறுக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். வீட்டுக்குள் முதல் சில நாட்கள் நடுவே கம்பிக் கதவோ தடுப்போ இருக்கட்டும். வாசனை முதலில் பழகட்டும். பொம்மைகளையும் எலும்புகளையும் எடுத்து வைத்துவிடுங்கள். பழைய நாயின் நேரம், நடை, படுக்கை எதுவும் குறையக் கூடாது. நீங்கள் வீட்டில் இல்லாதபோது சில வாரங்கள் இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும்.

குட்டி என்றால் வயதைக் கேளுங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்கின்றன. நம் சந்தைகளில் 30, 35 நாள் குட்டியைக் கூசாமல் கையில் கொடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் வரையிலான காலம்தான் நாயின் சமூக வாழ்க்கைக்கு அடித்தளம் என்பதை ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 1965இலேயே ஒரு பெரிய நூலாக எழுதி நிலைநாட்டினார்கள். அந்த வாரங்களில்தான் ஊசி போன்ற 28 பால் பற்களால் உடன்பிறப்புகளைக் கடித்து, அவை கீச்சிட்டு ஆட்டத்தை நிறுத்துவதைப் பார்த்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி கற்கிறது. தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் முன்கூட்டியே பிரித்த குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோகிறது. பிற்காலத்தில் அது வேறொரு நாயோடு ஆடும்போது அளவு தெரியாமல் கடிக்கும். மற்ற நாய் அதோடு ஆட மறுக்கும்.

ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்க வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றையொன்றே ஒட்டிக்கொண்டு மனிதர்களிடம் பழகாமல் போகலாம்; முதிர்ந்த பிறகு ஒரே பாலினம் என்றால் மோதிக்கொள்ளவும் செய்யலாம். அப்படி வாங்கியாகிவிட்டது என்றால் தனித்தனியாக நடைக்குக் கூட்டிப்போங்கள், தனித்தனியாகப் பழக்குங்கள்.

ஒன்று போன பிறகு

கூடி வாழ்ந்தவற்றில் ஒன்று இறந்தால் மற்றது என்ன ஆகிறது? இத்தாலியில் இரண்டு நாய்களாவது வளர்த்து, ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டறிந்த ஆய்வு 2022இல் வந்தது. மீதமிருந்த நாயின் போக்கு மாறியதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். கூடுதலாகக் கவனம் கேட்டது, விளையாட்டைக் குறைத்துக்கொண்டது, அதிகம் தூங்கியது, குறைவாகச் சாப்பிட்டது. இரண்டும் எத்தனை ஆண்டு சேர்ந்து இருந்தன என்பதைவிட, எவ்வளவு சிநேகமாக இருந்தன என்பதே அந்த மாற்றத்தைத் தீர்மானித்தது. இந்த நேரத்தில் அவசரமாக இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து "துணை" சேர்ப்பவர்கள் உண்டு. துக்கத்தில் இருக்கும் கிழ நாயின் மேல் துள்ளும் குட்டியை ஏற்றுவது சரியல்ல. வழக்கமான நேரத்தில் நடையும் சோறும் நம் அருகாமையும் கிடைத்தால் அது மெல்ல மீளும்.

துணைக்காக என்று மட்டும் வேண்டாம்

என் தீர்ப்பு இது. முதல் நாய் தனியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டாவது நாய் வாங்காதீர்கள். தனிமையில் சோர்ந்த நாய்க்குத் தேவைப்படுவது பெரும்பாலும் உங்கள் நேரமும் காலை மாலை ஒரு நல்ல நடையும்தான். இரண்டாவது வந்தால் செலவு இரண்டு மடங்கு. கவனமும் அதே அளவு வேண்டும். இரண்டு தடுப்பூசிக் கணக்கு, இரண்டு உரிமம், இரண்டு தட்டு, சண்டை வந்தால் இரண்டு அறை. ஒரு படுக்கையறை வீட்டில் அந்த இரண்டாவது அறை எங்கே என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்படியும் வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தால், கடைக்குப் போகாதீர்கள். 1959இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ் முதல் உங்கள் ஊர்க் காப்பகம் வரை, நல்ல குணம் உள்ள, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த வளர்ந்த நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. அவற்றின் சுபாவம் என்ன, எந்த நாயோடு ஒத்துப்போகும் என்று அங்கிருப்பவர்களுக்கு நாள்தோறும் பார்த்துத் தெரியும், கேளுங்கள். முதல் நாளே தூக்கி வர வேண்டாம். முன்கூட்டியே பேசி நேரம் வாங்கி, உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாயையும் லீஷில் கூட்டிக்கொண்டு போய், இரண்டையும் ஒன்றாக நடக்கவிட்டுப் பாருங்கள். ஒருமுறை போதாது, இரண்டு மூன்று முறை. அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.